ஏட்டில் ஏறாத உறவு: கறுப்பினப் பெண்களின் நாவல்களில் நட்பு

திருமணத்துக்குப் பதிவேடு உண்டு, பிறப்புக்கும் இறப்புக்கும் சான்றிதழ் உண்டு, சொத்துக்கு வாரிசுரிமைச் சட்டம் உண்டு. நட்புக்கோ இவற்றில் ஒன்றும் இல்லை. இரண்டு பெண்கள் ஐம்பது ஆண்டுகள் ஒருவருக்கொருவர் துணையாக வாழ்ந்து, ஒருத்தியின் பிள்ளைகளை மற்றவள் வளர்த்து, ஒருத்தியின் நோயில் மற்றவள் கண்விழித்திருந்தாலும், அவர்களில் ஒருத்தி இறந்த பிறகு எஞ்சியவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எந்த அலுவலகமும் அறியாது. கணவனை இழந்தவளுக்கும் பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் சடங்கும் துக்கம் காக்கும் காலமும் வகுத்து வைத்திருக்கும் சமூகங்கள், தோழியை இழந்தவளுக்கு எதையும் வகுத்து வைக்கவில்லை. அமெரிக்காவின் கறுப்பினப் பெண் நாவலாசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இந்தக் குறையைத் தம் எழுத்தின் மையத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சட்டமும் சடங்கும் பதிந்துவைக்காத உறவை அவர்களுடைய நாவல்கள் பதிந்துவைத்திருக்கின்றன; அவ்வாறு பதியும்போது நட்பைப் புனிதப்படுத்தாமல், அதன் துரோகங்களோடும் மௌனங்களோடும் நீண்ட இடைவெளிகளோடும் சேர்த்தே பதிந்திருக்கின்றன என்பதுதான் அவற்றின் பெருமை.

இந்த அக்கறை அந்தச் சமூகத்தில் இத்தனை ஆழமாக வேர்கொண்டதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. வர்ஜீனியா குடியேற்றத்தில் 1662ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், பிறக்கும் குழந்தை அடிமையா சுதந்திர மனிதரா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்று வகுத்தது; அடிமைப்பட்ட பெண்ணின் வயிற்றில் பிறந்த குழந்தை, தந்தை எவராயினும், உரிமையாளரின் உடைமையாயிற்று. அடிமைப்பட்டவர்களின் திருமணத்துக்குச் சட்ட மதிப்பு இல்லாததால், கணவனை ஓரிடத்திலும் மனைவியை வேறிடத்திலும் பிள்ளைகளை மூன்றாவது இடத்திலும் விற்றுவிட முடிந்தது. 1865இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பிறகும் பல பத்தாண்டுகள், பிலடெல்பியாவிலிருந்து வெளிவந்த ‘கிறிஸ்டியன் ரெக்கார்டர்’ போன்ற கறுப்பினத்தவரின் இதழ்களில், எங்கோ விற்கப்பட்டுவிட்ட தாயையும் தம்பியையும் மகளையும் தேடும் அறிவிப்புகள் அச்சாகிக்கொண்டிருந்தன. இரத்த உறவே எந்நேரமும் அறுந்துபோகக்கூடியதாக இருந்த வாழ்வில், அருகில் இருப்பவர்களை உறவாக்கிக்கொள்வது பிழைத்திருப்பதற்கான வழியாயிற்று. விற்கப்பட்ட தாயின் குழந்தையை இன்னொரு பெண் வளர்த்தாள். அவள் அந்தக் குழந்தைக்கு அத்தையானாள், அவளுடைய தோழிகளும் அத்தைகளாயினர்.

இவ்வாறு பிறப்பாலும் மணத்தாலும் அல்லாமல் பழக்கத்தாலும் பொறுப்பாலும் உருவாகும் உறவை மானிடவியலாளர்கள் புனைவுறவு என்று குறிப்பிடுவர். புனைவு என்பது இங்கே பொய்யைக் குறிக்காது, மனிதர் தாமே ஆக்கிக்கொண்டது என்பதையே குறிக்கும். 1965இல் அமெரிக்கத் தொழிலாளர் துறைக்காக டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் தயாரித்த அறிக்கை, பெண்களைத் தலைமையாகக் கொண்ட கறுப்பினக் குடும்ப அமைப்பை ஒரு சீர்குலைவாகவே சித்திரித்தது. அதற்கு மாறாக, மத்திய மேற்கு மாநில நகரம் ஒன்றின் வறிய கறுப்பினக் குடியிருப்பில் தங்கி ஆய்வு செய்த கரோல் ஸ்டாக் 1974இல் வெளியிட்ட ‘ஆல் அவர் கின்’ என்னும் நூல், அதே பெண்களிடம் நுட்பமானதொரு பரிமாற்ற ஒழுங்கைக் கண்டது. உடை, உணவு, மரச்சாமான், வாடகைப் பணம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நேரம் என அனைத்தும் அங்கே கைமாறிக்கொண்டே இருந்தன. இன்று கொடுத்தவள் நாளை பெறுவாள் என்னும் நம்பிக்கையே அதன் அடித்தளம். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிய தோழி காலப்போக்கில் சகோதரி என்றே அறியப்பட்டாள். இந்த நாவல்கள் புழங்கும் உலகம் இதுதான். அங்கே நட்பு என்பது உணர்ச்சி மட்டுமன்று. அது பட்டினியைத் தள்ளிப்போடும் ஏற்பாடும்கூட.

நட்பை நாவலின் வடிவத்திலேயே பொருத்திக்காட்டிய முன்னோடி ஜோரா நீல் ஹர்ஸ்டன். 1937இல் வெளிவந்த ‘தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ நாவலில், மூன்று திருமணங்களைக் கடந்துவந்த ஜேனி என்பவள், கறுப்பினத்தவர் தாமே நிறுவி ஆண்ட புளோரிடாவின் ஈட்டன்வில் ஊருக்குத் தனியாகத் திரும்பி வருகிறாள். ஊர் முழுவதும் திண்ணையில் அமர்ந்து அவளைப் பற்றிப் புறம் பேசுகிறது. ஃபீபி என்னும் தோழி மட்டும் ஒரு பாத்திரத்தில் உணவு எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து உட்காருகிறாள். நாவலில் நாம் வாசிக்கும் வாழ்க்கை முழுவதும் அந்த அந்திப்பொழுதில் தோழியிடம் சொல்லப்படுவதே. ஊருக்கு விளக்கம் சொல்ல ஜேனிக்கு விருப்பமில்லை. ஃபீபி விரும்பினால் ஊருக்குச் சொல்லிக்கொள்ளட்டும் என்று தன் நாவையே அவளிடம் ஒப்படைத்துவிடுகிறாள். கேட்டு முடித்த ஃபீபியும் பழையபடி எழுந்து செல்வதில்லை. தன் வாழ்வில் தான் திருப்தியடைந்திருந்தது போதாது என்று உணர்ந்து, கணவனோடு தன் உறவையே மாற்றிக்கொள்ளும் முடிவோடு வீடு திரும்புகிறாள். கதை சொல்பவளுக்கு அதைக் கேட்பவளே சாட்சி. கேட்பவளுக்கு அந்தக் கதையே அவள் வாழ்வை மறுபரிசீலனை செய்யும் அளவுகோல். ஒரு பெண்ணின் வாழ்க்கை பொருள் பெறுவதற்கு அதைப் பொறுமையாகக் கேட்க இன்னொருத்தி வேண்டும் என்பதை ஹர்ஸ்டன் நாவலின் கட்டமைப்பாகவே ஆக்கிவிட்டார்.

நட்பு இவ்வாறு அடைக்கலமாக அமையாத நிலையும் இந்த மரபில் தொடக்கத்திலேயே பேசப்பட்டது. 1929இல் நெல்லா லார்சன் எழுதிய ‘பாஸிங்’ நாவலில், சிகாகோவில் சிறுவயதில் ஒன்றாக வளர்ந்த ஐரீன், கிளேர் என்னும் இரு பெண்கள் பல ஆண்டுகளுக்குப் பின் சந்திக்கிறார்கள். வெளிர்நிறத் தோல் கொண்ட கறுப்பினத்தவர் தம்மை வெள்ளையராகக் காட்டிக்கொண்டு வாழ்வதைக் குறிப்பது அந்தத் தலைப்பு. கிளேர் அப்படித்தான் இனவெறி கொண்ட வெள்ளையன் ஒருவனை மணந்து வாழ்கிறாள். அவளுடைய இரகசியம் ஐரீனின் கையில் இருக்கிறது. ஐரீனின் மணவாழ்வின் அமைதி கிளேரின் வரவால் குலைகிறது. ஈர்ப்பும் அச்சமும் பொறாமையும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கும் அந்த உறவு, உயரமான கட்டடத்தின் சாளரத்திலிருந்து கிளேர் விழுந்து இறப்பதில் முடிகிறது; அவள் தவறி விழுந்தாளா, தள்ளப்பட்டாளா என்பதை நாவல் தீர்த்துச் சொல்வதில்லை. தோழி என்பவள் நம்மை முழுதும் அறிந்தவள் என்றால், நம்மை அழிக்கக்கூடியவளும் அவளே என்பதை லார்சன் மறைக்கவில்லை.

இவ்விரு எல்லைகளையும், அடைக்கலத்தையும் ஆபத்தையும், ஒரே உறவுக்குள் கொண்டுவந்து நிறுத்திய படைப்பு டோனி மாரிசனின் ‘சுலா’. 1973இல் வெளிவந்த இந்த நாவல் அவருடைய இரண்டாவது படைப்பு. பின்னாளில் அதற்கு எழுதிய முன்னுரையில், 1969இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, பதிப்பக வேலைக்காக மன்ஹாட்டனுக்குச் சென்றுவந்த நாட்களையும், அவரைப் போலவே பணமும் நேரமும் போதாத பெண்கள் தமக்குள் உணவையும் உடையையும் சிரிப்பையும் துணிச்சலையும் பங்கிட்டுக்கொண்டதையும் மாரிசன் நினைவுகூர்கிறார். ஆணின் துணையோ அனுமதியோ இல்லாத வாழ்வில் பெண்கள் ஒருவருக்கொருவர் என்னவாக இருக்க முடியும், அந்தச் சுதந்திரத்துக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்ற கேள்வி அவருக்கு அங்கிருந்தே முளைத்தது.

நாவலின் களம் ஒகையோ மாநிலத்தில் மெடாலியன் என்னும் கற்பனை ஊரையொட்டிய குன்றின் மேல் அமைந்த கறுப்பினக் குடியிருப்பு. அந்தக் குடியிருப்பு ஒரு கோல்ஃப் மைதானத்துக்காக இடித்துத் தள்ளப்படும் செய்தியோடுதான் நாவல் தொடங்குகிறது என்பது கவனத்துக்குரியது. ஆண்டுகளையே தலைப்பாகக் கொண்ட அத்தியாயங்கள் 1919 முதல் 1965 வரை செல்கின்றன. ஊரே அழிந்துவிட்ட நிலையில் அங்கே வாழ்ந்தவர்களின் உறவுக்கு நினைவைத் தவிர வேறு இருப்பிடம் இல்லை. நெல், சுலா என்னும் இரு சிறுமிகள் 1922இல் பன்னிரண்டு வயதில் இருக்கிறார்கள். நெல்லின் வீடு தாயின் கண்டிப்பில் துடைத்துவைத்ததுபோல் ஒழுங்கானது. சுலாவின் வீடு பாட்டி ஈவாவின் ஆட்சியில் வந்தவர் போனவர் எல்லாம் தங்கும் ஆரவாரமான வீடு. ஆணாகவும் பிறக்கவில்லை, வெள்ளையராகவும் பிறக்கவில்லை, ஆகவே சுதந்திரமும் வெற்றியும் தமக்கு மறுக்கப்பட்டவை என்பதை முன்பே உணர்ந்துகொண்ட அந்தச் சிறுமிகள், தமக்கென வேறொன்றை ஒருவர் மற்றவரிடத்தில் ஆக்கிக்கொள்கிறார்கள்.

அந்த உறவின் அடியில் ஒரு மரணம் இருக்கிறது. சுலா விளையாட்டாகக் கைகளைப் பிடித்துச் சுழற்றிய சிறுவன் ஒருவன் பிடி நழுவி ஆற்றில் விழுந்து மூழ்கிப்போகிறான். இருவரும் அதை யாரிடமும் சொல்வதில்லை. 1927இல் நெல் திருமணம் செய்துகொள்ள, அன்றே சுலா ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். பத்தாண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, நெல்லின் கணவனோடு உறவுகொள்கிறாள். அவன் வீட்டைவிட்டுப் போகிறான். 1940இல் சுலா நோயுற்றுக் கிடக்கையில் நெல் பார்க்க வருகிறாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று நெல் கேட்கும்போது, இத்தனை நெருங்கிய தோழிகளாக இருந்தும் உன்னால் ஏன் இதைக் கடந்துவர முடியவில்லை என்ற பொருளில் சுலா திருப்பிக் கேட்கிறாள். நம்மில் நல்லவள் நீதான் என்று எப்படி அவ்வளவு உறுதியாக இருக்கிறாய் என்ற ஐயத்தையும் விதைத்துவிடுகிறாள். நெல் போய்விடுகிறாள். தனியாக இறக்கும் சுலாவின் கடைசி எண்ணமோ, சாவு வலிக்கவே இல்லை என்பதை நெல்லிடம் சொல்ல வேண்டும் என்பதாக இருக்கிறது. தன் வாழ்வின் மிகப்பெரிய அனுபவம்கூடத் தோழியிடம் சொல்லப்பட்டால்தான் நிறைவுபெறும் என்பதுபோல, ஜேனிக்கு வாய்த்த அந்தச் செவி சுலாவுக்கு இல்லாமற்போனதை இந்தக் கணம் காட்டிவிடுகிறது.

இதற்குப் பிறகு நாவல் இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்கிறது. 1965இல் முதியோர் இல்லத்தில் இருக்கும் ஈவாவைப் பார்க்க நெல் செல்லும்போது, சிறுவனின் சாவில் நெல்லுக்கும் பங்குண்டு, அவளும் அங்கே நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தாள் என்று அந்தக் கிழவி குற்றம் சாட்டுகிறாள். தான் நல்லவள், சுலா கெட்டவள் என்று வாழ்நாள் முழுவதும் நெல் கட்டிக்காத்த பிரிவினை அந்தச் சொல்லில் சரிந்துவிடுகிறது; அந்தச் சரிவுக்குப் பிறகுதான், இத்தனை ஆண்டுகளாகத் தான் ஏங்கிக்கொண்டிருந்தது ஓடிப்போன கணவனுக்காக அல்ல, சுலாவுக்காக என்பதை அவள் அறிகிறாள். கணவனை இழந்த துக்கத்துக்கு ஊர் அவளுக்கு ஓர் இடம் கொடுத்திருந்தது. கைவிடப்பட்ட மனைவி என்னும் அந்த இடத்தில் அவள் மரியாதையாக வாழவும் முடிந்தது. தோழியை இழந்த துக்கத்துக்கு அப்படி ஓர் இடம் இல்லாததால், அதை அடையாளம் கண்டுகொள்வதற்கே அவளுக்குக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. நாவலின் மிக ஆழமான அவதானிப்பு இதுவே: ஒரு சமூகம் எந்தத் துக்கத்துக்கு வழிவகை செய்யவில்லையோ, அந்தத் துக்கத்தை அனுபவிப்பவரே அதை வேறொன்றாகப் பிழையாகப் புரிந்துகொள்கிறார்.

திறனாய்வாளர் பார்பரா ஸ்மித் 1977இல் எழுதிய ‘டுவர்ட் எ பிளாக் ஃபெமினிஸ்ட் கிரிட்டிசிசம்’ என்னும் கட்டுரையில், ஆண்-பெண் உறவையும் திருமணத்தையும் இந்நாவல் விமர்சிக்கும் விதத்தைக் கொண்டு, இதைப் பெண்ணைக் காதலிக்கும் பெண்களின் நாவலாகவே வாசிக்கலாம் என்று வாதிட்டார். மாரிசன் அந்த வாசிப்பை ஏற்கவில்லை. இரு தரப்பில் எதை ஏற்றாலும், கறுப்பினப் பெண்களுக்கு இடையிலான உறவு ஆண்களைப் பற்றிய கதையின் ஓரத்தில் நிற்கும் துணைக்கதை அல்ல, அதுவே முழுநாவலைத் தாங்கவல்ல பொருள் என்பதை அந்த விவாதம் நிலைநாட்டியது.

துரோகத்துக்குப் பிறகு நட்பு மீள முடியுமா என்ற கேள்விக்குச் ‘சுலா’ காலம் கடந்த விடையைத் தந்தது என்றால், 1982இல் வெளிவந்த ஆலிஸ் வாக்கரின் ‘தி கலர் பர்ப்பிள்’ உடனடியான விடையொன்றைத் தருகிறது. வாழ்நாளெல்லாம் அடிவாங்கிய சீலி, தன் கணவனின் மகன் ஹார்ப்போ தன் மனைவி சோஃபியாவை அடக்க வழி கேட்கும்போது, அவளை அடிக்கச் சொல்கிறாள். அதை அறிந்த சோஃபியா நேரில் வந்து கேட்கிறாள். தன்னால் செய்ய முடியாத எதிர்ப்பைச் சோஃபியா செய்வதைக் கண்ட பொறாமையே காரணம் என்று சீலி ஒப்புக்கொள்கிறாள். பிறகு இருவரும், கணவன்-மனைவி சண்டையில் கிழிந்துபோன திரைச்சீலைகளைத் துண்டுகளாக்கி, ஒட்டுத்துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை ஒன்றைத் தைக்கத் தொடங்குகிறார்கள். ஒடுக்கப்பட்டவள் தன்னைப் போன்ற இன்னொருத்தியையே ஒடுக்கத் துணைபோவது எப்படி நிகழ்கிறது, அதை மறைக்காமல் பேசுவது எப்படி உறவின் தொடக்கமாகிறது என்பதை வாக்கர் சில பக்கங்களில் சொல்லிவிடுகிறார்.

அதே ஆண்டு வெளிவந்த குளோரியா நெய்லரின் ‘தி விமன் ஆஃப் புரூஸ்டர் பிளேஸ்’ ஏழு பெண்களின் கதைகளை, சுவர் எழுப்பி நகரத்திலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு தெருவில் இணைக்கிறது. குழந்தையைப் பறிகொடுத்து, உண்ணாமல் உறங்காமல் சாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் சீல் என்னும் இளம்பெண்ணை மேட்டி என்னும் மூத்த பெண் மடியில் வைத்து ஆட்டுகிறாள், பிறகு கைக்குழந்தையைப் போல் குளிப்பாட்டுகிறாள். அதன் பிறகே அவளால் அழ முடிகிறது. முன்பொரு காலத்தில் வீடற்று நின்ற மேட்டிக்கு அடைக்கலம் தந்தவள் சீலின் பாட்டி என்பதை நினைவில் கொண்டால், ஸ்டாக் விவரித்த பரிமாற்றம் தலைமுறைகளைக் கடந்தும் நீள்வது தெரியும். ஆனால் நெய்லர் அந்தத் தெருவை இலட்சிய உலகமாகக் காட்டவில்லை: இணையர்களாக வாழும் லொரெய்ன், தெரேசா என்னும் இரு பெண்களை அதே தெரு வம்பு பேசி ஒதுக்குகிறது, அந்த ஒதுக்கல் பெருங்கொடுமையில் போய் முடிகிறது. உறவாக்கிக்கொள்ளும் ஆற்றல் கொண்ட சமூகத்துக்கு, யாரை உறவாக ஏற்க மறுக்கிறோம் என்ற கேள்வியிலிருந்து விடுதலை இல்லை.

பிற்காலத்தில் வறுமையிலிருந்து ஓரளவு வெளியேறிய நடுத்தர வர்க்கப் பெண்களின் நட்பும் இம்மரபில் இடம்பெற்றது. டெரி மக்மில்லன் 1992இல் எழுதிய ‘வெயிட்டிங் டு எக்ஸ்ஹேல்’ அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் வாழும் நான்கு தோழிகளைப் பற்றியது. அது பெருவாரியாக விற்று, 1995இல் திரைப்படமும் ஆனது. ஏஞ்சலா ஃப்ளோர்னாய் 2025இல் வெளியிட்ட ‘தி வில்டர்னஸ்’ ஐந்து பெண்களை அவர்களின் இளமையிலிருந்து நடுவயது வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்தொடர்கிறது. காலத்தின் நீளம் இந்த நாவல்களில் தற்செயலானதன்று. காதலை ஒரு கோடைக்காலத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம். நட்பின் உண்மையை அறிய, வேலையும் திருமணமும் தாய்மையும் இடப்பெயர்வும் மரணங்களும் அதைக் கடந்துபோக வேண்டும். நீண்ட காலத்தைத் தன்னுள் அடக்கவல்ல நாவல் என்னும் வடிவமே அதற்கு உகந்ததாக இருப்பதில் வியப்பில்லை.

இந்த நாவல்களை எழுதியவர்கள் தம் வாழ்விலும் அந்த உறவைப் பேணினார்கள். மறக்கப்பட்டு, 1960இல் வறுமையில் இறந்த ஹர்ஸ்டனின் கல்லறை புளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் அடையாளமின்றிக் கிடந்தது. 1973இல் ஆலிஸ் வாக்கர் புதர் மண்டிய இடுகாட்டில் அந்த இடத்தைத் தேடிச் சென்று கல் நாட்டினார், 1975இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரை ஹர்ஸ்டனை மீண்டும் வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. ஒருமுறைகூடச் சந்தித்திராத முன்னோடிக்கு அவர் செய்தது தோழியின் கடமை. 1977 பிப்ரவரியில், கவிஞர் ஜூன் ஜோர்டனின் புரூக்ளின் இல்லத்தில் வாக்கர், மாரிசன், என்டொசாக்கே ஷாங்கே உள்ளிட்ட கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் கூடினர். ‘தி சிஸ்டர்ஹுட்’ என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்ட அந்தக் குழு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சந்தித்து, தம்மவர் எழுத்து அச்சேறவும் கவனம் பெறவும் என்ன செய்யலாம் என்று ஆராய்ந்தது. மாரிசனுக்கு அதுவரை புலிட்சர் பரிசோ தேசியப் புத்தக விருதோ வழங்கப்படாததைக் கண்டித்து, 1988 ஜனவரியில் 48 கறுப்பின எழுத்தாளர்கள் ‘நியூயார்க் டைம்ஸ்’ நூல் மதிப்புரை இதழில் அறிக்கை வெளியிட்டபோது, அதில் முன்னின்றவர்களில் ஜோர்டனும் ஒருவர். அந்த ஆண்டே மாரிசனின் ‘பிலவ்ட்’ நாவலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இவை அனைத்திலும் மிக அமைதியாக நடந்த செயல் வேறொன்று. ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் மாரிசன் பதிப்பாசிரியராக இருந்தபோது, டோனி கேட் பம்பாராவின் நூல்களைக் கொண்டுவந்தார். இருவரும் நெருங்கிய தோழிகளாயினர். 1979 முதல் 1981 வரை அட்லாண்டாவில் கறுப்பினச் சிறுவர்கள் கொல்லப்பட்டதைப் பற்றிப் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய பெரும் நாவலை அச்சில் காணாமலேயே 1995இல் பம்பாரா புற்றுநோயால் மறைந்தார். நோபல் பரிசு பெற்ற புகழின் உச்சத்தில் இருந்த மாரிசன், தன் நேரத்தைத் தோழியின் எழுத்துக்குக் கொடுத்தார்: 1996இல் பம்பாராவின் கதைகளும் கட்டுரைகளும் அடங்கிய தொகுப்பையும், 1999இல் ‘தோஸ் போன்ஸ் ஆர் நாட் மை சைல்டு’ என்னும் அந்த நாவலையும் செம்மைப்படுத்தி வெளியிட்டார். தோழியின் சொற்களை அவளுடைய சொற்களாகவே விட்டுவைத்து, தேவையற்றதை மட்டும் களையும் அந்தப் பணி, ஃபீபி ஜேனிக்குச் செய்ததிலிருந்து வேறுபட்டதன்று.

நிலைத்த நட்பு என்பது பிளவே காணாத நட்பு என்று பொதுவாக எண்ணப்படுகிறது. இந்த மரபு அந்த எண்ணத்தைத் திருத்துகிறது. நெல்லும் சுலாவும் பிரிந்தார்கள், சீலி காட்டிக்கொடுத்தாள், புரூஸ்டர் பிளேஸின் பெண்கள் தம்மில் இருவரைக் கைவிட்டார்கள்; ஆயினும் ஒருத்தியின் வாழ்க்கையைப் பற்றிய உண்மைக் கணக்கு இன்னொருத்தியிடம் இருந்தவரை உறவு முற்றிலும் அழிந்துபோகவில்லை. அந்தக் கணக்கை நேர்மையாக வைத்திருப்பதும், கேட்க வேண்டிய நேரத்தில் கேட்பதும், உரியவள் இல்லாதபோது அவளுக்காகப் பேசுவதும் நட்பின் வேலைகள். உணர்ச்சி மங்கிய ஆண்டுகளிலும் செய்யப்பட வேண்டியவை. உறவுகளைப் பதிவுசெய்யும் உரிமையே மறுக்கப்பட்ட மக்களின் வழிவந்த பெண்கள், அரசும் சட்டமும் தரும் அங்கீகாரத்துக்காகக் காத்திராமல், தமக்குத் தாமே சாட்சிகளாக நின்று அந்த வேலையைச் செய்தார்கள். தோழி ஒருத்தியின் வாழ்வுக்குத் தானே ஏடாக இருப்பது எத்தனை பெரிய பொறுப்பு என்பதை உலக இலக்கியத்துக்குக் கற்றுத்தந்தவர்கள் அவர்கள்.